ரசமட்டத்துக்குள்ள ஒரு குமிழ்

என் கொத்துப் பையில இப்பவும் அந்த ரசமட்டம் கிடக்கு. மஞ்சக் கட்டை, நடுவுல ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள்ள பச்சைத் தண்ணி, தண்ணிக்குள்ள ஒரு குமிழ். செவரும் தரையும் நேரா இருக்கான்னு பாக்குற சாமான். குமிழ் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா நேரு, ஒதுங்குனா கோணல். நான் படிச்சது மூணாப்பு. அதுலயும் ரெண்டு வருசம் இருந்தேன், வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனசில்ல. கொத்தனாரு ஆன பொறவு எனக்குத் தெரிஞ்ச ஒரே படிப்பு இந்தக் குமிழைப் பாக்குறதுதான். அதையும் ஒரு மாசத்துக்கு மேல பாக்காம ஒளிஞ்சு திரிஞ்சேன்.

எங்க அக்கா வீட்டுக்காரவிய, எனக்கு அத்தான், கரண்டு ஆபீசுல லைன்மேனா இருந்தாவ. பசுவந்தனைப் பக்கம் ஊரு. ஆடு மேய்க்கிற குடும்பம். சின்ன வயசுல அறுப்பு முடிஞ்ச காட்டுல ஆட்டுக்கிடை போட்டு, ஆட்டோட ஆடா அங்கனயே படுத்துக் கிடக்கணும். அப்படிப் படுத்துக் கிடக்கையில கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணுவாவளாம். ஆறு தெரிஞ்சா கண்ணு நல்லாருக்குன்னு கிடைக்காரவுகளுக்கு ஒரு கணக்கு. அத்தானுக்கு அம்பது வயசு வரைக்கும் ஆறும் தெரிஞ்சுது. சர்க்கரை வந்து ரெண்டு வருசத்துல ஒரு தை மாசம் நாலுதான் தெரிஞ்சுது. மறு தைக்கு நட்சத்திரமே இல்ல, புகை மாதிரி ஏதோ இருக்குன்னாவ. மதுரையில கண்ணு டாக்டர் வெளிச்சம் வச்சுப் பாத்துட்டு, இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்போம், எவ்வளவு நாளைக்குன்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியாதுன்னுட்டாரு. பஸ்ஸுல திரும்பி கோயில்பட்டிக்கு வந்தோம். எறங்கும்போது, "மாப்ளை, ஒரு டெலஸ்கோப்பு வாங்கணும்டே"ன்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மூஞ்சியப் பாத்துட்டு அடக்கிக்கிட்டேன்.

கோயம்புத்தூர்க் கடைக்காரன்கிட்ட அத்தான் போன்லயே பத்து நாள் பேசுனாவ. அவன் பெரிய குழாயா வாங்கச் சொன்னான், சனி வளையமே கண்ணுக்குத் தெரியும்னான். "என் கண்ணை நம்பி வாங்கல தம்பி. படம் பிடிச்சு டிவியில பெருசாப் பாக்கணும். கார்த்திகைக் கூட்டம் ஒண்ணு போதும்" அப்படின்னாவ. அதனால முழங்கை நீளத்துல சின்னக் குழாய், யாரோ வச்சிருந்த பழைய கேமரா. பணம் பூரா அதுகளைத் தாங்குற மெஷினுக்குப் போச்சு. "பொண்ணை விட்டுட்டுப் பல்லக்குக்குச் செலவு பண்ணுதீயளே அத்தான்"னு கேலி பண்ணேன். வானம் நகந்துக்கிட்டே இருக்கு, மெஷின் அதுகூடவே திரும்புனாத்தான் கேமரா ரெண்டு நிமிசம் கண்ணைத் தொறந்து வச்சிருக்க முடியும், இல்லன்னா நட்சத்திரம் கோடாப் போயிரும்னு பொறுமையாச் சொன்னாவ. அதுக்குக் கனமான முக்காலி ஒண்ணும் வாங்கணும்னு கடைக்காரன் சொன்னான். அங்கனதான் நான் வாயத் தொறந்தேன். "மூணு காலா? இங்கன அடிக்கிற காத்துல கரண்டு எடுக்கிற காத்தாடி ராவும் பகலும் சுத்துது. உங்க முக்காலி சாத்தூருக்குப் போயிரும். நான் கான்கிரீட் தூண் போட்டுத் தாரேன், உங்க பேரன் காலத்துக்கும் ஆடாது." அத்தான் முக்காலியை வேண்டாம்னு சொல்லிட்டாவ.

கரிசல்ல எதைக் கட்டுனாலும் கீழ சுக்காம்பாறை, சுக்கான்னு சொல்லுத கெட்டிச் சுண்ணாம்புப் பாறை, தட்டுற வரைக்கும் தோண்டணும். இது எங்கூர்ல ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும், மேல இருக்கிறதைத் தூக்கும், சாய்க்கும். நான் தோண்டுனது சித்திரை வெயில்ல. வெடிப்புக்குள்ள கை போகுது, கடப்பாறை இறங்க மாட்டேங்குது. மூணு அடி தோண்டுனேன். சுக்கானைக் காணல. ஒரு தூண்தானே, என்ன மாளிகையா கட்டுதோம்னு கம்பியை நட்டு, கலவையைப் போட்டு மூடிட்டேன். அத்தான் நாகலாபுரத்துல கம்பத்து வேலையை முடிச்சிட்டு அந்தியில வந்தாவ. குழியை மூடியாச்சு. "சுக்கான் தட்டுச்சா மாப்ளை?"ன்னாவ. "டங்குன்னு தட்டுச்சு அத்தான்"னேன். டங்குன்னு சத்தமும் போட்டுக் காமிச்சேன். அதான் எனக்குத் தாங்க மாட்டேங்குது. பொய்யச் சொன்னவன் சத்தத்தையும் சேத்துல்ல போட்டேன்.

அந்த மெஷின் துருவ நட்சத்திரத்தைப் பாத்து நிக்கணும். மெஷினைச் செஞ்ச நாட்டுக்காரனுக்கு அந்த நட்சத்திரம் பாதி வானத்துல நிக்குமாம். நமக்கு ஒம்பது டிகிரிதான், அடிவானத்துப் பனைக்குக் கொஞ்சம் மேல. அம்புட்டு கீழ குனிய வச்சா மெஷினோட எடைக்கல்லு தூண்ல இடிக்குது. நான் இரும்புப் பட்டை வெட்டி, துளை போட்டு, போல்ட்டு முறுக்கி, தூணை விட்டு ஒரு சாண் வெளிய தள்ளி உக்கார வச்சேன். அதுல ஒரு குத்தமும் இல்ல. புரட்டாசியில முதப் படம் எடுத்தோம். ஏதோ ஒரு நட்சத்திரம், ஊசி குத்துன மாதிரி புள்ளியா நின்னுச்சு. அத்தான் என் தோளைத் தட்டுனாவ. எனக்கு எங்கன பாக்குறதுன்னு தெரியல. பொறவு மழை பிடிச்சுக்கிட்டு.

தை பொறந்து வானம் வெளுத்ததும் கார்த்திகைக்குத் திருப்புனோம். படத்துல நட்சத்திரம் எல்லாம் சேமியா மாதிரி கிடக்கு. அத்தான் துருவத்தைத் திரும்பப் பாத்து மெஷினைத் திருகுனாவ. அன்னைக்குக் கொஞ்சம் நல்லா வந்துச்சு, மறுநாள் மறுபடியும் சேமியா. ஊறுன கரிசல் காயக் காயத் தூணை நகத்துதுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல. "பாயசம் வைக்கலாம் அத்தான்"னு சிரிச்சேன். அத்தானும் சிரிச்சாவ. ஒரு நாள் கையை மெஷின்லருந்து எடுத்துட்டு, "உனக்குத் துருவம் நல்லாத் தெரியுதாடே? எனக்கு ரெண்டாத் தெரியுது. என் கண்ணுதான் தப்பா வச்சுக்கிட்டே இருக்கு"ன்னாவ. அப்பவும் நான் வாயத் தொறக்கல. ஊரு பூரா வாயாடிப் பயன்னு பேரு எடுத்தவன்.

மாசி பொறந்து அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஏலே, ஞாயித்துக்கிழமை தூத்துக்குடில இருந்து ஆளு வருது. உங்க அத்தான் டெலஸ்கோப்பு, மெஷினு எல்லாத்தையும் வித்துரப் போறாவளாம். ராத்திரி பூரா உக்காந்தே இருக்காவலே"ன்னு சொல்லி அழுதா. மறுநாள் காலையில ரசமட்டத்தை எடுத்துட்டுப் போயி அத்தான் முன்னாலயே தூண் தலையில வச்சேன். குமிழ் ஓரத்துல போயி ஒட்டிக்கிட்டு. "சுக்கான் தட்டல அத்தான். மூணு அடிதான் தோண்டுனேன். உங்க கண்ணு இல்ல, என் குழி" அப்படின்னேன். அடிப்பாவன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். குமிழ் இருக்கிற பக்கம் குனிஞ்சு கண்ணாடிக் குழாயை விரலால தடவுனாவ. பொறவு, "அப்போ என் கண்ணு சரியாத்தான் வச்சிருக்கு?"ன்னு கேட்டாவ. சின்னப் பிள்ளை கேக்குற மாதிரி. நான் தலையை ஆட்டுனேன். "வாயால சொல்லுலே"ன்னாவ. சொன்னேன்.

பக்கத்துலயே வேற குழி. கூலி ஆளு வைக்கல, நானே மூணு நாள் தோண்டுனேன். ஆறரை அடியில டங்குன்னுச்சு. அத்தானைக் கூப்பிட்டு, கடப்பாறையை அவிய கையில குடுத்து, இன்னொரு தடவை குத்தச் சொன்னேன். மறுபடியும் டங்குன்னுச்சு. கலவை இறுக ரெண்டு வாரம் தண்ணி ஊத்தணும். அந்த ரெண்டு வாரமும் கார்த்திகை தினம் கொஞ்சம் மேக்க எறங்குது, நான் வாளியோட நிக்கேன். பங்குனி முதல் வாரம், மேக்க சாஞ்சு மறையறதுக்குள்ள எடுத்தோம். டிவியில போட்டோம். புள்ளி புள்ளியா, நீலப் புகை சுத்திக்கிட்டு. அத்தான் மூக்கு டிவித் திரையில ஒட்டுற அளவுக்குப் போயி, விரலை வச்சு எண்ணுனாவ. ஒண்ணு, ரெண்டு... ஆறு. அக்கா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. மிச்சத்தை என்னை எண்ணச் சொன்னாவ. நூறைத் தாண்டுனதும் எனக்கு எண்ணிக்கை குழம்பிட்டு, திரும்ப முதல்ல இருந்து எண்ணுனேன். அன்னைக்கு ஒண்ணு கூடக் கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல.

அத்தான் தன் கண்ணால பாத்த முழுசான கார்த்திகைப் படம் அது ஒண்ணுதான். அடுத்த ஐப்பசிக்குள்ள ரெண்டு கண்ணும் அடியோட மங்கிட்டு. அந்தத் தையும் மாசியும் சேமியாவாப் போகாம இருந்தா இன்னும் பத்துப் படம் பாத்திருப்பாவ. அதை நான் எந்தக் கேலியில போட்டு மூட?

இப்பவும் மழை விட்டா கூப்பிடுதாவ. படம் எடுக்கிறது நான்தான், என்ன தெரியுதுன்னு கேட்டுக் கேட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பாவ. போன வாரமும் மழைக்கு மறுநாள் போனேன். தூண் தலையில போல்ட்டு போட்ட இரும்புப் பட்டை மேல ரசமட்டத்தை வச்சேன். "குமிழ் எங்கன நிக்கி மாப்ளை?"ன்னாவ. நடுவுல நிக்கின்னு சொன்னா அவியளுக்குத் தெரியப் போறதில்ல. குனிஞ்சு, கண்ணைக் கிட்ட வச்சுப் பாத்தேன்.

"ஒரு மயிரிழை கிழக்க நிக்கி, அத்தான்."

"அப்போ ஸ்பேனரை எடு"ன்னாவ.