கடைசிப் பக்கத்து ஆறு பேர்

எங்கள் வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கிறது. ஒரு அடி நீளம். நான்காவது அங்குலத்துக்கும் ஆறாவது அங்குலத்துக்கும் நடுவில் கோடுகளும் எண்களும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. பாய் கட்டை விரலை வைக்கிற இடம் அது. வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னாங்க, மாதா பக்கத்துல போயி ஸ்கேல வெச்சிருக்கீங்க?" என்று கேட்காமல் போனதில்லை. என் வீட்டுக்காரரும் எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தார். எடுக்க மாட்டேன். மெழுகுவர்த்தி இருக்கிற வரைக்கும் அதுவும் அங்கேதான் இருக்கும்.

பாய் எங்கள் சூப்பர்வைசர். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கீழே பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனி, மாடியில் நாங்கள் இருபது பேர் கம்ப்யூட்டர் முன்னால். நான் படித்தது பத்தாவது. ஆனால் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது. கடலோரக் குருசுக்குப்பத்து வீட்டிலிருந்து பஸ் பிடித்து ஒன்பது மணிக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத மாதங்களில் என் வேலையில்தான் அடுப்பு எரிந்தது. அதனால் அந்த நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு கம்பெனி. செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி எல்லாம் வைத்து நடத்துகிறவர்கள். அதை வேறு ஆட்களுக்கு விற்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் அவர்களுடைய பழைய செய்தித்தாள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். படமாக வருகிற பக்கத்தைப் பார்த்து நாங்கள் எழுத்தாக அடிப்போம். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பது பாய்க்கு மட்டுமே தெரியும். பிறகு மெஷின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் வெள்ளை. ஒருவர் அடித்து இன்னொருவர் அடிக்காமல் விட்டால் அந்த வரி மஞ்சள். மஞ்சள் விழுந்தால் பாய் அந்த ஸ்கேலால் நம் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். அதுவே திட்டு.

எனக்கு ஆங்கில எழுத்து தெரியும், அர்த்தம் பாதிதான் தெரியும். ஆனாலும் அடிக்க அடிக்க அந்தக் கம்பெனியின் கதை கைவழியாகவே மனசுக்குள் ஏறிவிட்டது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு அச்சுக்காரர், கையால் சுற்றுகிற மெஷினை வைத்து நாலு பக்கத்தில் வாரப் பத்திரிகை தொடங்கினார். சோள விலை, படகு வருகிற நேரம், யார் வீட்டில் கல்யாணம், இவ்வளவுதான் அதில் இருக்கும். மகன் காலத்தில் அதே கட்டிடத்து மாடியில் கம்பம் நட்டு வானொலி வந்தது. பேரன் காலத்தில் தொலைக்காட்சி. பிறகு பக்கத்து ஊர்ப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். ஒலிபரப்புக் கோபுரம் நிறுத்த ஒரு மலையையே வாங்கினார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பங்குக்காரர்களுக்கு அவர்கள் போட்ட புத்தகங்களையும் நாங்கள்தான் அடித்தோம். தங்கள் கையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் அதில் வரும். வருஷா வருஷம் நீண்டுகொண்டே போன பட்டியல், பிற்பாடு வருஷா வருஷம் சுருங்கியது. கூடை நிறைய மீனோடு கிளம்பி, தெருத்தெருவாக விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு திரும்புகிற எங்கள் பெண்கள்தான் எனக்கு ஞாபகத்துக்கு வருவார்கள். சாப்பாட்டு வேளையில் இதையெல்லாம் நான் சொன்னால் கூட இருக்கிற பெண்கள், "இன்னாடி, உன் மாமியார் வூட்டு சொத்து மாதிரி கணக்கு சொல்ற! உனுக்கு எந்த கோபுரத்த எழுதி வெச்சாங்க?" என்று கேலி செய்வார்கள்.

சென்னையில் இருந்த ஏஜென்டு மூலமாகத்தான் வேலை வரும். என்ன அடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று ஒரு குறிப்புத்தாள் கூடவே வரும். அதில் ஒரு வரி: கடைசிப் பக்கத்தில் கீழ் மூலையில் தனித் தலைப்போடு இருக்கிற சின்னப் பெட்டியை விட்டுவிடவும். அது என்ன பெட்டி என்று பாயிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல அங்க கறுப்பருங்க செத்தா முன்பக்கத்துல போட மாட்டாங்கம்மா. பின்னாடி தனியா, பொடி எழுத்துல. எழவுலயும் வேற வரிசை" என்றார். விடச் சொன்னால் விட வேண்டியதுதானே என்று விட்டுவிட்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், எத்தனையோ பக்கங்களில் விட்டேன்.

ஒருநாள் ஒரு படகு கவிழ்ந்த செய்தி வந்தது. அதே ஆற்றில். முதல் பக்கம் முழுக்க இறந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், செய்த தொழில், விட்டுப்போன பிள்ளைகள். நீந்திக் கரை சேர்ந்த ஒரு நாய்க்குக்கூடப் பெயர் போட்டிருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பெட்டி. அதே படகில் வேலை செய்தவர்கள். சாமுவேல். மோசே. ரூத். எலியா. ஈசாக்கு. ஆறாவதாக, பெயர் தெரியாத ஒருவர்.

என் அப்பா வைத்திக்குப்பத்துக்காரர். நான் ஏழாவது படிக்கும்போது கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. மறுநாள் பேப்பரில், ‘மீனவர் மூவர் மாயம்’ என்று மூன்று வார்த்தை. அம்மா அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். "இதுல உங்கப்பா பேரு எதுடி?" என்று கேட்டாள். என்னால் காட்ட முடியவில்லை.

பெட்டியை அடித்தேன். ஆறு வரி.

சாயங்காலம் என் மேசையில் ஸ்கேல் இரண்டு தட்டு தட்டியது. பாய் திரையைக் காட்டினார். ஆறு வரியும் மஞ்சள்.

"இன்னாம்மா இது?"

"பேரு பாய்."

"பேருதான், தெரியுது. விடச் சொல்லி தாள்ல போட்டிருக்கே?"

"செத்தவங்க பேரு பாய். விட மாட்டேன். வேணும்னா என்ன வேலைய வுட்டு அனுப்புங்க." அப்பா கதையை அவரிடம் சொன்னேன்.

பாய் ஸ்கேலைத் திரையில் முதல் பெயருக்குக் கீழே வைத்தார். மெல்ல இறக்கினார். ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தார். "மோசே எங்களுக்கு மூஸா நபி. ஈசாக்கு, இஸ்ஹாக். எலியா, இல்யாஸ். எல்லாம் நம்ம ஆளுங்கதான் போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு, "ஒருத்தர் அடிச்சா மெஷின் தப்புன்னு சொல்லும்மா. ரெண்டு பேரு அடிச்சாத்தான் அதுக்கு உண்மை" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, என் ஜோடி விட்டிருந்த ஆறு வரியைத் தானே அடித்தார். மஞ்சள் போய் வெள்ளை ஆனது.

அன்றிலிருந்து நாங்கள் ஒரு பெட்டியையும் விடவில்லை. நான் முதலில் விட்டவற்றையும் தேடி எடுத்து அடித்தோம். மத்தியானத் தொழுகை முடித்து வந்ததும் பாய் இரண்டாவது ஆளாக உட்காருவார். பாதி நாள் அவருடைய சோறு டப்பாவிலேயே ஆறிக் கிடக்கும்.

பொங்கல் கழிந்து ஏஜென்டு வந்தார். எங்கேயோ நாலு பக்கத்தைப் புரட்டியதில் கண்டுபிடித்துவிட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டார், "வேணாம்னு சொன்னத எதுக்கு அடிச்சீங்க? யாரு அடிச்சது?"

"நான்தான் சார்" என்றார் பாய்.

நான் எழுந்து நின்றேன். "அவரு ரெண்டாவதுதான் சார். மொதல்ல அடிச்சது நான்."

பாய் என்னைப் பார்த்து முறைத்த முறைப்பு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. ஏஜென்டு அவரிடம், "எல்லாத்தையும் அழிங்க. இல்லன்னா எந்தெந்தப் பக்கம்னு எழுதிக் குடுங்க, நான் அழிச்சிக்கிறேன்" என்றார். பாய் குரலை உயர்த்தவே இல்லை. "எங்க வழக்கத்துல செத்தவங்க மய்யத்த தோள்ல தூக்கிட்டா பாதி வழியில எறக்கி வெச்சிட்டு வர மாட்டோம் சார். நான் அழிக்கவும் மாட்டேன், எழுதியும் தர மாட்டேன். நீங்களே தேடிக்குங்க" என்றார்.

அத்தனை ஆயிரம் பக்கத்தில் தேட அவருக்கு நேரம் ஏது? அங்கே கம்பெனி கைமாறுவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அப்படியே அனுப்பினார்கள். என் விரல் வேகத்துக்கு ஆள் கிடைக்காததால் என்னை வேலையில் விட்டுவைத்தார்கள். பாயை சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, டைப் அடிக்கிறவராக உட்கார வைத்தார்கள். சென்னையிலிருந்து புது சூப்பர்வைசர் வந்தார். பாய் பொறுப்பை ஒப்படைக்கும் முன்னால் கடைசியாக ஜோடிப் பட்டியல் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார். அதில் எனக்கு ஜோடி அவர். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, திரையில் ஸ்கேலைப் பொருத்திக்கொண்டே, "இப்பதாம்மா வசதி" என்றார்.

வேலை முடிகிற வரைக்கும் எங்கள் இரண்டு பேர் பக்கத்திலும் ஒரு பெட்டி விடுபடவில்லை. மஞ்சள் விழுந்தால்தானே புது ஆளுக்குத் தெரியும்?

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பத்திரிகைகள் ஒருவருக்கு, வானொலி ஒருவருக்கு, தொலைக்காட்சி ஒருவருக்கு, மலை வேறு யாருக்கோ. பெயரையும் விற்றுவிட்டார்களாம். போன வருஷம் என் மகளிடம் சொல்லி அந்தப் பழைய பேப்பரை போனில் தேடச் சொன்னேன். ஊர்ப் பெயரையும் சாமுவேல் என்றும் அடித்தாள். வந்தார். அவருக்குக் கீழே மோசே, ரூத், எலியா, ஈசாக்கு. கடைசியில் அந்தப் பெயர் தெரியாதவர். நாங்கள் அடித்தபடியே, ஒரு எழுத்து பிசகாமல். அத்தனை பெரிய சொத்துப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாத ஆறு பேர், சொத்தெல்லாம் போன பிறகும் நிற்கிறார்கள். படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. நான் தேவனுடைய நீதி என்று சொல்வேன்.

அதைப் பாயிடம் காட்ட ஓடினேன். பாய் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அவர் மனைவி உள்ளே போய் இந்த ஸ்கேலை எடுத்து வந்து, "உங்கள்ட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டிருந்தாங்க" என்று கையில் வைத்தார். பாய்க்காக ஓத அவர் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அதில் குறையில்லை. அந்த ஆறு பேருக்குத்தான் யார் இருக்கிறார்கள்?

இந்த வருஷம் கல்லறைத் திருநாள் பூசைக்குப் பெயர் கொடுக்கக் கோவில் ஆபீசுக்குப் போனேன். அன்றைக்கு மட்டும் ஸ்கேலைப் பீடத்திலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் சாமியார் பீடத்தில் படிப்பார். முதலில் அப்பா பெயர். அதற்குக் கீழே ஆறு வரி. ஆபீஸில் இருந்தவர் தாளைப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசி வரியில் நின்றார்.

"எல்லாரும் உங்க சொந்தமா?"

"ஆமா."

"பெயர் தெரியாத ஒருவர்னு எழுதியிருக்கீங்களே. அவரும் சொந்தமா?"

"அவருந்தான்."

"அத எப்பிடிங்க சாமியாரு படிப்பாரு? அந்த ஒரு வரிய எடுத்துடட்டுமா?"

பைக்குள்ளிருந்து ஸ்கேலை எடுத்தேன். தேய்ந்த இடத்தில் கட்டை விரலை வைத்து, அந்தக் கடைசி வரிக்குக் கீழே பொருத்தி, இரண்டு தட்டு தட்டினேன்.

"இருக்கறது இருக்கற மாதிரியே படிக்கச் சொல்லுங்க."