ஒரே பம்ப்பு, இரண்டு வீடு

தாயே மாரியம்மா, உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, கோயிலில் தேவாரம் கற்றுத்தரும் பெண் எழுதுகிறாள்.

போன மழைக்காலத்தில் என் பேத்தி தர்ஷினியை இழந்திருப்பேன். ஆறு வயசுப் பிள்ளை. பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. என் அம்மாவுக்கும் அப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போவாள். அது கிடக்கட்டும்.

என் மகன் சரவணனும் மருமகள் புவனாவும் பிரிந்துவிட்டார்கள். பிள்ளை பாதி நாள் தைப்பிங்கில் அம்மாவிடம், பாதி நாள் ஜெலாப்பாங்கில் எங்களிடம். அதனால் மகன் மாதாமாதம் கொடுக்கும் பணத்தைக் கோர்ட்டில் குறைத்தார்கள். அதிலிருந்து எதற்கெடுத்தாலும் நாள் கணக்குதான்.

வாயில் வைத்து அழுத்தும் மூச்சு மருந்தை நாங்கள் பம்ப்பு என்போம். ஒன்றுதான் இருந்தது. பிள்ளையின் பையோடு போகும், வரும். இன்னொன்று வாங்குப்பா என்று மகனிடம் கெஞ்சினேன்.

"மாசாமாசம் காசு குடுக்குறேன்ல? அவ வாங்கட்டும்மா."

மருமகளிடம் கேட்டேன்.

"காசக் கொறச்சாச்சு அத்தே. பாதி நாளு அவருதானே வெச்சிருக்காரு? அந்தப் பாதிக்கு அவரே வாங்கட்டும்லா."

இரண்டு பேரும் சொன்னது நியாயம் மாதிரித்தான் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் கோலகங்சாரில் மருமகளிடமிருந்து பிள்ளையை வாங்கிவந்து, என்னிடம் விட்டுவிட்டு மகன் வேலைக்குப் போனான். மழை கொட்டியது. பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்தது. பையைக் கொட்டிப் பார்த்தேன். பம்ப்பு இல்லை. உதடு நீலம் பாய்ந்தது. மகனுக்குப் போன் அடித்தேன், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டான். ஆம்புலன்சும் வந்து சேரவில்லை. பிள்ளையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, தாயே, நீயே வா என்று கதறினேன்.

கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தவள் என் மருமகள். காரின் பின்சீட்டில் பம்ப்பு விழுந்து கிடந்ததாம். பாதி வழியில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறாள். என் தாய் மாரி அவள் உருவத்தில்தான் வந்தாள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

பம்ப்பை அழுத்தி மூச்சு வந்ததும் அவள் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மகனும் அங்கே வந்து சேர்ந்தான். பிள்ளை கண் திறந்து அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். குழம்பிப்போய் என்னைக் கேட்டாள்:

"பாட்டி, இன்னிக்கு யாரு நாளு?"

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்:

"ரெண்டு வீட்டுக்கும் நானே வாங்கி வெக்கிறேன் புவனா. மருந்துக்கு இனிமே நாளு பாக்க வேணாம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சொன்னபடி செய்கிறான். ஆனால் அவர்கள் சேரவில்லை. அவள் தன் காரில் தனியாகத்தான் திரும்பிப் போனாள். குடும்பம் ஒன்றுசேரணும் என்றுதான் நான் தாயிடம் கேட்டிருந்தேன். தாய் பிள்ளையின் மூச்சைத் தந்தாள். மனசு ஆறவில்லை. இருந்தாலும் பிள்ளை ஓடி ஆடும்போது பூரித்துப்போகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், யார் பக்கம் நியாயம் என்று தாயிடம் கேட்காதீர்கள். பிள்ளையைக் காப்பாற்று என்று மட்டும் கேளுங்கள். வருவாள்.