மாளிகையில் அடுப்பைக் காணோம்

பழங்காலக் கட்டடங்களின் முன் நட நாற்பத்தொரு தகவல் பலகைகள், ஒன்பது வாரம், ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர். வயது நாற்பத்தாறு. தொல்பொருள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒப்பந்த வேலை, மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் கண்காணிப்பாளர்.

ஆங்கிலப் பலகைகளில் ஃபோர்ட், ஃபோர்ட்ரஸ், காசில், சிட்டடெல் என்று நாலு சொற்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர் நாலுக்கும் ‘கோட்டை’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக ஓய்வு பெற்றார். அகராதிக்கு அது சரிப்படவில்லை. உள்ளே யார் படுத்துத் தூங்கினார்கள் என்று நேரில் போய்ப் பார்ப்பாள். படைவீரர் மட்டும் என்றால் அது ஃபோர்ட். காவல் கோட்டை என்று எழுதுவாள். ஊரையே உள்ளே வைத்துக் காக்கும் அளவு பெரிதென்றால் ஃபோர்ட்ரஸ், பெருங்கோட்டை. தலைவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தால் காசில், கோட்டை மாளிகை. ஊர் மதில் விழுந்த பிறகும் கடைசியாக ஓடி ஏறிக்கொள்ளும் உயரமான இடம் சிட்டடெல், உட்கோட்டை.

நாற்பது இடங்களை நடந்து பார்த்தவள், ஆற்றுமேட்டில் இருந்த கடைசி இடத்துக்கு மட்டும் போகவில்லை. அடைமழை, அச்சகத்தார் வேறு நச்சரித்தார்கள். ஆங்கிலத்தில் காசில் என்றிருந்ததை நம்பி, கோட்டை மாளிகை என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு, பலகை நடும்போதுதான் அங்கே போனாள். நீளமான ஒரே கூடம். சுவரோரம் வரிசையாகக் கல் படுக்கைகள். குடும்பம் தங்க ஓர் அறைகூட இல்லை. கம்பம் நட்டுக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கேட்டாள்.

“அண்ணே, இங்க சமையக்கட்டு எங்க?”

“வெளில ஒரே ஒரு அடுப்பு கிடக்குதும்மா. நூறு பேருக்கு ஆக்குற அடுப்பு. வீடுன்னா இப்படியா கட்டுவாங்க?”

வீட்டில் நாத்தனாரிடம் சொன்னாள். அவள் சிரித்தாள். “பேசாம இரு அண்ணி. உண்மையச் சொல்லப் போயி வேலையக் கோட்டை விட்டுடாத.”

மறுநாள் காலை கண்காணிப்பாளர் முன் நின்றாள்.

“சார், கடைசிப் பலகை தப்பு. நான் போய்ப் பாக்காம எழுதிட்டேன்.”

“இங்கிலீஷ்லயே அப்படித்தானம்மா இருக்கு?”

“அதுவும் தப்பு சார்.”

“உங்க வேலை மொழிபெயர்க்கிறது. மூலத்துல கை வைக்கிறது இல்ல. நாளன்னிக்கு அமைச்சர் வர்றார். மாளிகையில அடுப்பு இருக்கான்னு எவன் தேடப் போறான்?”

“நான் தேடினேனே சார்.”

அவர் பேனாவை மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“மத்த நாப்பது?”

“எல்லாம் நடந்து பாத்தது.”

“அப்ப அந்த ஒண்ணைப் பிடுங்கச் சொல்லுங்க.”

விழா நாற்பது பலகைகளோடு நடந்தது. ஆற்றுமேட்டில் மொட்டையாக நின்ற கம்பத்தில் புகைப்படக்காரர் தன் பையை மாட்டிக்கொண்டார். ஒப்பந்தம் மூன்று மாதம் நீண்டது. இனி ஆங்கிலப் பலகைகளையும் அவளே சரிபார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமையன்று முதல் பலகையிலிருந்து மறுபடி நடக்கிறாள்.