டிரைவர் பக்கத்துச் சீட்டு

கண்டக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் டிப்போவே நடுங்கும் என்று சொல்வார்கள். அது அபாண்டம். இருபத்தாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே பிழைத்தவள் அவள். காலை மிதித்தவனையும், டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடித்தவனையும், படியில் தொங்கியவனையும் ஒரே அதட்டலில் அடக்கியவள். அநியாயம் என்று பட்டால் வாயைத் திறப்பாள், அவ்வளவுதான். அந்தத் துறைமுக நகரத்தில் அவளுக்கு நடந்தது அநியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் வீட்டுக்காரர் அதே பஸ்ஸின் டிரைவர். ஒரே வண்டி, ஒரே ரூட், ஒரே ஷிஃப்ட். வேலையில் அவர் அவளைக் கண்டக்டரம்மா என்பார், அவள் அவரை டிரைவரே என்பாள். வீட்டிலும் அந்தப் பெயர்களே ஒட்டிக்கொண்டன. இருவருக்கும் நடுவில் ஒரு சட்டம் இருந்தது. அவள் பின்னாலிருந்து கயிற்றை இழுத்து மணியை இரண்டு தரம் அடித்தால்தான் வண்டி நகரும். மந்திரியே வந்து சொன்னாலும் சரி, இரண்டு மணி கேட்காமல் டிரைவர் கியரைத் தொடமாட்டார்.

ரிட்டயர் ஆனதும் பழைய ரொட்டி வேன் ஒன்றை வாங்கிக் கேரவன் ஆக்கினார்கள். கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்தார் மனுஷன். ஆனால் தண்ணீர் டிரம்முக்கு இடம் போதவில்லை என்று டிரைவர் பக்கத்துச் சீட்டைப் போல்ட்டோடு கழற்றிவிட்டு, டிரம்மை அங்கே உட்கார வைத்தார். பெண்டாட்டிக்குப் பின்னால் இடம். நடுவில் பிளைவுட் தடுப்பு. தடுப்பில் ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியே கயிறு விட்டு, தன் காதருகே ஒரு மணியும் கட்டிக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷம் ஜனங்களோட பின்மண்டையப் பார்த்தது போதாதா? இப்பவும் பின்னாடியேவா?" என்று கேட்டாள்.

"அடுத்த ஊர்ல சீட்டு போட்டுடலாம்."

அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று பதினோரு ஊர் போய்விட்டது. மலையும் ஆறும் பக்கத்து ஜன்னலில் கடந்து போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தன. டிரைவரோ தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "அடடா, என்ன அழகு பாரு!" என்று கத்துவார். எதைப் பார்ப்பது? ஆணியில் ஆடுகிற கரண்டியையா? முதலில் நாலு வார்த்தை பதில் கத்தினாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

துறைமுக நகரத்துக்கு வந்து இறங்கிய காலையிலேயே சொல்லிவிட்டாள். "இந்த ஊரோட சரி. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முன்னாடி சீட்டு வரலேன்னா, நான் ரயிலேறி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க டிரம்மும் ஊரைச் சுத்துங்க."

"சரி சரி, முதல்ல கோட்டையப் பார்ப்போம்," என்றார் அவர்.

கோட்டைச் சுவரைப் பார்த்தார்கள், பீரங்கி மேடையைப் பார்த்தார்கள். பழைய சுங்க அலுவலகத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தராசு நின்றது. படகுத்துறையில், மூட்டை சுமந்தவர்கள் ஏறி இறங்கியே நடுவில் பள்ளம் விழுந்த கல்படிகள் இருந்தன. அவளுக்கு அங்கேயே நிற்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. துறையைக் கட்டச் சொன்ன கவர்னர் பெயர், வரைந்த என்ஜினீயர் பெயர், திறந்து வைத்தவர் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. மூட்டை தூக்கியவன் ஒருத்தன் பெயர்கூட இல்லை.

"இது என்னங்க நியாயம்? கல்லத் தேய்ச்சவன் யாரு, பேரு யாருக்கு?"

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் ஆச்சு. கலங்கரை விளக்கத்த மூடிடுவாங்க."

வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியும் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஓடுகிற புத்தி போகவில்லை. பின்தெருவில் பழைய வண்டிச் சாமான் கடை ஒன்றின் வாசலில் சீட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் நின்றாள். "சாயங்காலம் பார்க்கலாம்," என்று நடையைக் கட்டினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் கப்பல்துறைக் கரையோரம் வேனை நிறுத்திச் சாப்பிட்டார்கள். "டப்பாவக் கழுவிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுத்தான் அவள் குழாயடிக்குப் போனாள். அவரும் "ம்" கொட்டிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். கேட்டுக் கொட்டினாரா, சும்மா கொட்டினாரா, கடவுளுக்கே வெளிச்சம். வேனை ஒட்டினாற்போல் ஒரு டிராம் நின்றுகொண்டிருந்தது. டிராம் கண்டக்டர் மணியை இரண்டு தரம் அடித்தார். டிராம் கிளம்பியது. கூடவே வேனும் கிளம்பியது!

"ஓல்டான்! ஓல்டான்!"

இரண்டு கையிலும் ஈர டப்பாவோடு ஓடினாள். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அது. எத்தனையோ பஸ்களை நிறுத்திய குரல். அன்றைக்கு அந்த வேன் மட்டும் நிற்காமல் வளைவில் திரும்பிப் போயே போய்விட்டது.

போன் வேனுக்குள். பை வேனுக்குள். பக்கத்துக் கிடங்கின் காவலாளியிடம் போனை வாங்கி அவர் நம்பரைப் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். வண்டி ஓட்டும்போது போனை அணைத்து வைப்பது இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாராம்மா?" என்றார் காவலாளி.

"கோவிச்சுக்க வேண்டியவ நானு! அவருக்கு என்ன கேடு?"

கப்பல் கயிறு கட்டுகிற இரும்புக் கட்டையில் உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் டப்பாவையும் அவளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ரிட்டயர் ஆன அன்றைக்கு டிப்போவில் நடந்த கூட்டம் ஞாபகம் வந்தது. விபத்தில்லாமல் ஓட்டியதற்கு டிரைவருக்கு மெடல் குத்தினார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது மழையில் இறங்கி நின்று விசில் கொடுத்தது யார்? பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குழந்தை நிற்கிறதென்று கத்தியது யார்? மேனேஜர் அவளைப் பற்றிச் சொன்னது ஒரே வரி. 'அம்மாவும் கூடவே இருந்தாங்க.' டிரைவரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், விட்டது தப்பு.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வேன் திரும்பி வந்தது. டிரைவர் குதித்து இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க போயிட்ட நீ?"

"நானா போனேன்? நல்லாருக்கே கதை! நான் டப்பா கழுவிக்கிட்டு நிக்கறேன், விட்டுட்டுப் போனது யாரு?"

"டிங் டிங்னு கேட்டுச்சே... காலு தானா அழுத்திடுச்சு."

"அது டிராம் மணி! இத்தன வருஷத்துல என் கை எது, ஊரான் கை எதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அவர் தலை குனிந்தார்.

"எங்க போய்த் தெரிஞ்சுது?"

"பன்னெண்டு கிலோமீட்டர் தாண்டி. டீக்கடைல நிறுத்தி, உனக்கும் ஒரு டீ வாங்கிக்கிட்டுப் பின்கதவத் திறந்தேன். காலியா இருந்துச்சு." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. "ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

"அதுவரைக்கும் ஒண்ணுமே தெரியலையா?"

"பேசிக்கிட்டேதான் போனேன். பெரிய பாலம் வந்துச்சு, பாருன்னேன். கப்பல் வரிசையா நின்னுச்சு, எண்ணிப் பாருன்னேன். நீ பதில் சொல்லல."

"பதில் சொல்லலேன்னா என்னன்னு நெனச்சீங்க?"

"எப்பவும் போலத்தானேன்னு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இத்தனை நேரம் பொரிந்து தள்ளியவள் டப்பாக்களைக் கட்டையின் மேல் வைத்தாள்.

"டிரம்முக்கு இடமில்லேன்னு சொன்னது பொய்தானே?"

அவர் மென்று விழுங்கினார். "பொய்தான். நீ பக்கத்துல உட்கார்ந்தா எனக்கு ஓட்ட வராதோன்னு பயம். பின்னாடி நீ இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இத்தன வருஷம் ஓட்டினேன். சத்தியமா."

வேறொரு நாளாயிருந்தால் இந்த வார்த்தைக்கு அவள் உருகியிருப்பாள்.

"பன்னெண்டு கிலோமீட்டர் நான் இல்லவே இல்ல. அப்பவும் அதே தைரியத்தோடதானே ஓட்டினீங்க டிரைவரே? அப்ப நான் எதுக்கு?"

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். போல்ட்டுகளைக் கழற்றி, டிரம்மைச் சாய்த்து, இருந்த தண்ணீரையெல்லாம் கரையில் கொட்டினார். அவள் ஒரு கை கொடுக்கவில்லை.

"கடை மூடறதுக்குள்ள போய் சீட்டு வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நீ பின்னாடி..." என்று இழுத்தார்.

அவள் கட்டில் மெத்தையை இழுத்து வந்து, டிரம் இருந்த இடத்தில் வெறும் தகரத்தின் மேல் மடித்துப் போட்டு, ஏறி உட்கார்ந்தாள்.

"நான் வண்டில இருக்கேனா இல்லையான்னு இனிமே திரும்பிப் பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க," என்றாள்.