பைனாகுலரில் தெரிந்தது

என் கணவருக்குப் பறவைப் பித்து. கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிறு விடிந்தால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில், 2009 வாக்கில், நானும் பைக்கில் பின்னால் ஏறிக்கொள்வேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டில் வளர்ந்தவள் நான். முட்டியளவு தண்ணீரைக் கண்டாலே உதறும். அதை அவரிடம் சொல்ல வெட்கம்.

அந்தக் கார்த்திகையில் நாலு நாளாக மழை விட்டிருந்தது. சிதம்பரம் தாண்டி, பழைய கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தினோம். தண்ணீருக்கு நடுவே நாணல் முளைத்த மணல்திட்டு ஒன்று. அதற்கு அப்பால் கரண்டிவாயன் பறவைகள் வந்து மேய்வதாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஆழம் இல்ல. திட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். நீ இங்கயே இரு" என்றார். பைனாகுலரை என்னிடம் கொடுத்துவிட்டு, கேமராவைத் தலைக்குமேல் தூக்கியபடி இறங்கினார். இடுப்புவரை நனைந்துதான் திட்டில் ஏறினார். ஏறியதும் நாணலுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டார்.

பைனாகுலரில் அவர் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பனங்கட்டை கண்ணில் பட்டது. வெள்ளத்தில் வந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். அது தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக நகர்ந்தது. பிறகு நாலு காலில் எழுந்து திட்டின் சரிவில் ஏறி, வயிற்றை மணலில் போட்டுப் படுத்தது. அவர் பாதத்துக்கும் அதற்கும் பத்தடிகூட இல்லை.

கத்தினேன். காற்று என் பக்கமாக அடித்தது, அவருக்குக் கேட்கவில்லை. போன் அடித்தேன். பறவை கலைந்துவிடும் என்று சைலன்டில் போட்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குக்கு ஓடி, சாவியைத் திருகி ஹாரனை அழுத்தினேன். விடவே இல்லை. திட்டுக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள் கிளம்பின. அவர் கோபமாக எழுந்து திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

சத்தம் கேட்டு, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடி வந்தாள்.

"எம்மா, அவர தண்ணில எறங்கச் சொல்லாத. அது தண்ணிலதான் புடிக்கும். போன மாசம் எங் கெடாவ இழுத்துட்டுப் போயிடுச்சி. நான் போயி எங்க அண்ணன் படகக் கொண்டாரச் சொல்றேன்."

அவரோ ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டிருந்தார். மறுபடி போன் அடித்து, என் போனை உயர்த்திக் காட்டினேன். புரிந்துகொண்டு எடுத்தார்.

"எறங்காதீங்க! படகு வருது. அங்கயே நில்லுங்க."

"அது என்னயே பாக்குது" என்றார். அவர் குரல் மாதிரியே இல்லை.

"போன வெச்சிடாதீங்க. எதாவது பேசுங்க."

"நீ பேசு."

எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "எனக்குத் தண்ணின்னாலே பயங்க" என்றேன்.

"அப்பறம் ஏன் வாராவாரம் கூட வந்த?"

பதில் சொல்வதற்குள் முதலை சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே ஒரு குமிழிகூட இல்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்தபோது இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. படகு வந்தது, அதே தண்ணீரைக் கடந்துதான் போனது, அவரை ஏற்றிக்கொண்டு அதே தண்ணீரைக் கடந்துதான் திரும்பியது. துடுப்பு விழுந்த ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கரையேறியவரால் பைக்கை உதைக்க முடியவில்லை. இருவரும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். "இருட்டறதுக்குள்ள கெளம்புங்க" என்று அந்த அக்காதான் எழுப்பிவிட்டாள்.

வீட்டில் சோறு போடும்போது மாமியார், "இன்னிக்கி என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆப்புடலம்மா" என்றார் அவர். தட்டில் அவர் விரல்கள் ஒரு கவளத்தைச் சேர்க்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தன. ரசம் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து, அடுப்படியில் நின்று அழுதேன்.