வேப்பமரத்துக் கதவு

பண்டத்தரிப்பிலை எங்கடை வீடு கட்டி முடியேக்கை கையிலை இருந்ததும் முடிஞ்சு போச்சு. கூரை இருந்தது, சுவர் இருந்தது, என்ரை அறைக்குக் கதவு மட்டும் இல்லை. பழைய சீலை ஒண்டைத் தொங்கவிட்டு, இவரோடையும் மாமியோடையும் ரெண்டு பிள்ளையளோடையும் குடியிருந்தன். காத்தடிச்சா சீலை எழும்பும். உடுப்பு மாத்திறதெண்டாலும் ஒரு கையாலை அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். எனக்கெண்டு சாத்திக்கொள்ள ஒரு கதவு வேணும், அவ்வளவுதான். சொன்னா இவர், ஒளிச்சு வைக்க உமக்கென்ன புதையலோ எண்டு கேட்டுச் சிரிப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும்.

கிணத்தடியிலை நிண்ட வேப்பமரத்திலைதான் என்ரை கண். வேப்பம் பலகைக்குக் கிட்டவும் கறையான் வராது. மாமி அதின்ரை பூவிலை வடகம் போடுவா, கொட்டையை எண்ணெய்க்குப் பொறுக்குவா. வெட்டிற கதை எடுத்தா முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா. ஒருமாதிரி அவவைச் சம்மதிக்க வைச்சு, தச்சுவேலை செய்யிற அண்ணையை வரச்சொன்ன கிழமை பாத்து எனக்குக் கொப்பளிப்பான் வந்திட்டுது.

அம்மாள் வந்திட்டா எண்டு மாமி படலையிலை வேப்பிலை கட்டினா. வந்த அண்ணை இலையைக் கண்டுபோட்டு படலையோடையே திரும்பிப் போயிட்டார். அம்மாள் நிக்கிற வீட்டிலை ஆர் வேப்பமரத்திலை கை வைப்பினம்?

வேப்பிலையைப் பரப்பி அதிலைதான் என்னைக் கிடத்தினது. கடிச்சு அரிக்கிற இடமெல்லாம் மாமி வேப்பங்கொத்தாலை தடவிவிடுவா. கண்ணை மூடினா மரம் அறைக்குள்ளை வந்து நிக்கும், பூ என்ரை மேலை மெல்ல மெல்லக் கொட்டும். ஒருநாள் மத்தியானம் சீலை எழும்பிச்சுது. மஞ்சள் உடுத்த ஒரு பொம்பிளை உள்ளை வந்து என்ரை காலடியிலை இருந்தா. பயமே வரேல்லை. அவ காலைத் தடவிவிட்டா. கை கிணத்துத் தண்ணி மாதிரிக் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் இருங்கோ எண்டு கேட்டன். சீலை விழுந்தது, ஆளைக் காணேல்லை.

தண்ணி வார்த்து எழும்பின பிறகு இதை மாமிக்குச் சொன்னன். முடிஞ்சுது கதை. அம்மாள் அந்த மரத்திலைதான் குடியிருக்கிறா, இனி ஒருத்தரும் தொடப்படாது எண்டிட்டா. இவரும் தாயோடை சேர்ந்துகொண்டு, அவ வந்த வழியைக் கதவு போட்டு மறிக்கலாமோ எண்டு கேட்டார். எனக்கு வந்த கோபம்! அம்மாள் வந்தது என்னட்டை, நியாயம் கதைக்கிறது இவையோ?

"கதவு இருந்தாலும் அவ வருவா. இனி வரேக்கை தட்டிப்போட்டு வரட்டும். நீங்கள் அண்ணையை வரச்சொல்லுங்கோ" எண்டன்.

இவர் அண்ணைக்குச் சொல்லப் போனார். மாமி மரத்தடியிலை கற்பூரம் கொளுத்தி, பொறுத்துக்கொள்ளம்மா எண்டு கும்பிட்டா. மரம் விழேக்கை நான் குசினிக்குள்ளை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டன். கேட்டது நான், அழுறதும் நானெண்டா சிரிப்பினம் எல்லே.

பலகை காய்ஞ்சு கதவு போடுறதுக்கிடையிலை மாரி மழையும் போயிட்டுது. அண்ணை வேலை முடிச்சுப் போன பிறகு பிள்ளையள் திறந்து திறந்து சாத்தி விளையாடிச்சினம். எல்லாரையும் வெளியிலை அனுப்பினன். கதவைச் சாத்திக் கொண்டி போட்டன். அதிலையே சாய்ஞ்சு நிண்டு, அந்த மரத்துக்காக, ஒருத்தரும் பாக்காமல் ஆசைதீர அழுதன்.