முப்பத்தொரு பேர் எழுதிய பலகை

இருபத்திரண்டு பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் முப்பத்தொரு பேர் எப்படி இருக்க முடியும்?

போன வாரத்திலிருந்து எனக்கு இதே குழப்பம்தான். கணக்கில் நான் மோசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இவ்வளவு மோசமில்லை!

பாசிர் கூடாங் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தலைமையாசிரியை என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். டிஜிட்டல் வெண்பலகையாம். பிள்ளைகள் ஆளுக்கொரு கணினியில் தட்டினால், எல்லாம் ஒரே பலகையில் மஞ்சள் சீட்டுகளாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் வராது. வாயே திறக்காத பிள்ளைகூட எழுதுமாம். நானும் தலையாட்டினேன். பாதி புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, கணினி அறையில் தலைப்பைப் போட்டேன் — ‘அம்மா அப்பாவிடம் சொல்ல நினைத்து, சொல்லாத ஒன்று’.

“யாரு எழுதினாங்கன்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. தைரியமா எழுதுங்க. ஆனா தமிழ்ல மட்டும்தான். மலாய் வந்துச்சு... மார்க் போச்சு!”

இருபது வருஷமாக என் வகுப்பில் இதுதான் சட்டம்.

அன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். பாவம், வீட்டிலிருந்தாவது எழுதட்டுமே என்று பலகையின் லிங்க்கைப் பெற்றோர் குழுவில் போட்டேன். வீட்டுப்பாடம், தொலைந்துபோன தண்ணீர் போத்தல் — எல்லாவற்றையும் அங்கேதானே போடுகிறோம்? கை தானாகப் போட்டுவிட்டது.

சீட்டுகள் வர ஆரம்பித்தன. ‘அம்மா, பிரியாணில ஏலக்காய் போடாதீங்க.’ ‘பூனை வளர்க்கலாமா?’ ஒரு சீட்டு மேலே ஏறியது, இன்னொன்று காணாமல் போனது. யாரோ என் தலைப்பையே இழுத்துக்கொண்டு போய் மூலையில் விட்டார்கள்.

“டேய், யாருடா அது?”

“நான் இல்ல டீச்சர்!” — இருபது குரல்கள்.

நடுவில் ஒரு சீட்டு மட்டும் அசையாமல் இருந்தது.

‘அப்பா, நைட் ஷிப்ட் முடிஞ்சு நீங்க தூங்குறப்ப நான் டிவி போட மாட்டேன். எழுந்ததும் என்கூட பேசுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க பஸ் ஏறிடுறீங்க.’

படித்து முடிப்பதற்குள் அதன் கீழே இன்னொரு சீட்டு முளைத்தது.

‘சாரிம்மா. சனிக்கிழமை அப்பா லீவு போடுறேன்.’

அப்பாவா? எந்த அப்பா? அப்பா எப்படி என் வகுப்பில்...?

அடுத்த சீட்டு: ‘ஐயா ராசா, அப்பாவும் லீவு சொல்லிட்டேன். தேசாரு பீச் போலாமா?’ அதன் கீழே இன்னொன்று. இன்னொன்று. மொத்தம் ஒன்பது அப்பாக்கள்! பிறகு போனில்தான் தெரிந்தது — செனாய் தொழிற்சாலையில் ரெஸ்ட் நேரத்தில் ஒருவர், சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர்... எல்லாரும் நான் போட்ட லிங்க்கைத் தட்டி உள்ளே வந்திருக்கிறார்கள்.

அலமாக்! யாருக்கும் தெரியாது என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, ஊரையே உள்ளே விட்டிருக்கிறேன். அவசரமாகப் பலகையை மூடினேன்.

பள்ளி முடிந்ததும் போன் மேல் போன்.

“டீச்சர், அது எம்பொண்ணுதானே?”

“தெரியாதுங்க.”

“எம்மவனா இருக்குமோ டீச்சர்?”

“சத்தியமா எனக்குத் தெரியாதுங்கண்ணே.”

“பரவால்ல. யாரா இருந்தா என்ன? லீவு போட்டது போட்டதுதான் லா.”

நான் வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா? நீங்களே சொல்லுங்கள். ஒரு பிள்ளை எழுதியதற்கு ஒன்பது வீட்டில் லீவு. ஆனால் அந்த ஒன்பது பேரில் அந்தப் பிள்ளையின் அப்பா இருக்கிறாரா? வாரம் முழுக்க இதுதான் மண்டையைக் குடைந்தது. வகுப்பில் கேட்கவும் முடியாது. கொடுத்த வாக்கில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

திங்கள்கிழமை வகுப்பு முழுக்கத் தேசாரு கடற்கரைப் பேச்சு. மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகு ஒரு பிள்ளை மட்டும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெயர் சொல்ல மாட்டேன்.

“டீச்சர்... அது நான் எழுதினது.”

“அப்பா பாக்கலையா கண்ணு?”

“பாத்தாரு. அவரு மலாய் ஸ்கூல்ல படிச்சவரு. தமிழ் படிக்கத் தெரியாது. மஞ்சளா என்னமோ இருக்குன்னு மூடிட்டாரு.”

“நீயே வாயால சொல்லலாமே?”

“வெக்கமா இருக்கு.”

விரலைத் திருகிக்கொண்டது. பிறகு கேட்டது:

“மலாய்ல எழுதினா மார்க் போயிடுமா டீச்சர்?”

பலகையைத் திறந்து, கணினியை அந்தப் பிள்ளை பக்கம் திருப்பிவைத்தேன்.

சட்டப்படி மார்க் போகத்தான் வேண்டும். என்னுடையதில் கழித்துக்கொண்டேன்.